பழைய ஜீப்பும் கஞ்சமலை இரும்பும்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் பழைய ஜீப் ஒன்றைப் புதிதாக்குவது பெரிய வேலையே அல்ல. வெறும் சேஸாக வந்து நிற்கும் லாரிக்குக் கேபின் முதல் பின்கதவு வரை பாடி கட்டி அனுப்பும் பட்டறைகள் நிறைந்த ஊர்கள் இவை. தகடு வளைக்க, வெல்டிங் வைக்க, லேத்தில் கடைந்தெடுக்க, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க எல்லாவற்றுக்கும் தேர்ந்த கைகள் கூப்பிடு தூரத்தில் உண்டு. அறுபது வயது ஜீப்பை உள்ளே விட்டால் சில வாரங்களில் பளபளவென்று வெளியே வரும். சிக்கலே அங்கேதான். வெளியே வருவது பெரும்பாலும் உள்ளே போன ஜீப்பாக இருப்பதில்லை.

கோயில் சுவர்களை மணல்வீச்சால் சுத்தம் செய்தபோது என்ன ஆயிற்று என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். அழுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்துகளும் போயின. எதிர்ப்பு எழுந்து, அந்த முறைக்கே தடை வந்தது. பழைய வாகனத்துக்கும் இதே நியாயம் பொருந்தும் என்கிறது உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவா. அது வகுத்த டூரின் சாசனம், நினைவுச் சின்னங்களுக்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது. இருப்பதைக் காப்பது முதல் வேலை, மாற்றுவது கடைசி வேலை என்பதே அதன் சாரம். வீட்டு முற்றத்தில் ஜீப்பைத் துடைக்கத் தொடங்கும் ஒருவருக்கு இது நல்ல செய்தி. காப்பதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை. பொறுமையும் கொஞ்சம் வேதியியலும் போதும்.

சேலம் பக்கத்துத் தோட்டங்களில் ஜீப் எப்படி வந்து சேர்ந்தது? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. 1945-இல் தொடங்கிய மஹிந்திரா அண்டு முகமது நிறுவனம் அந்த வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பங்குதாரரான மாலிக் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார். நிறுவனம் 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆனது. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன சி.ஜே. 3பி மாடல் இந்தியாவில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உருண்டது. 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் அடையாளமே ஜீப்தான். அரசு கழித்துக் கட்டியவை ஏலத்தில் விவசாயிகள் கைக்கு வந்தன. இவற்றோடு ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலை, நிசான் உரிமத்தில் 1999 வரை செய்த ஜோங்காவும் ராணுவ ஏலம் வழியாக ஊர்களுக்கு வந்தது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் இருக்கும் நிலத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மரியாதை இருந்ததில் வியப்பில்லை.

அந்த வண்டிகளில் பல இன்று மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலோ, கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னாலோ நிற்கின்றன. அவற்றின் இரும்புக்கு என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள சேலத்துக்குத் தென்மேற்கே நிற்கும் கஞ்சமலையைப் பார்க்கலாம். அந்த மலையில் இருப்பது மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கருங்கனிமம், காந்தம் ஒட்டும். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் சேலத்து இரும்புத்தாதுவை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில் உருக்காலை வைத்தார். தாதுவில் இருந்து ஆக்சிஜனைப் பிரிக்க மரக்கரியும் வெப்பமும் ஏராளமாகச் செலவாகும். அப்படிப் பிரித்தெடுத்த இரும்பு, வாய்ப்பு கிடைத்ததும் மீண்டும் ஆக்சிஜனோடு சேரப் பார்க்கும். அதுதான் துரு. ஜீப்பின் தரைத் தகட்டில் தடித்த துருவைப் பெயர்த்துப் பார்த்தால் மேலே செம்பழுப்பும் அடியில் கருமையும் தெரியும். அந்தக் கருமையில் பெரும்பங்கு மேக்னடைட். மலையில் கிடந்த அதே கனிமத்துக்கு இரும்பு திரும்பிக்கொண்டிருக்கிறது.

திரும்புவதற்குத் தண்ணீர் வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் சுத்தமான இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று டபிள்யூ.எச்.ஜே. வெர்னான் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1930களில் காட்டினார். சேலம் கடலில் இருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. உப்புக்காற்று இல்லை; கோடைப் பகல்களில் காற்று வறண்டு கிடக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ பத்தாண்டில் ஓட்டை விழும் தகடு இங்கே பல பத்தாண்டு நிற்கக் காரணம் இதுவே. ஆகவே இந்தச் சமவெளியில் ஜீப்பைத் தின்பது பெரும்பாலும் வெளிக்காற்று அல்ல. வண்டிக்குள் சிக்கிக்கொண்ட ஈரமும், அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும் உப்பும்தான்.

உப்பு எங்கிருந்து வரும்? உர மூட்டையில் இருந்து. மரவள்ளிக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பில் இருக்கும் அதே குளோரைடுதான் இதிலும். ஜீப்பின் பின்தொட்டியில் சிந்திய உரம் தகடுகளின் இணைப்புக்குள் இறங்கிவிட்டால், காற்றின் ஈரம் 60 சதவீதத்துக்கு வெகு கீழே இருக்கும்போதே அங்கே துரு தொடங்கும். உப்பு காற்றில் இருந்து நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது.

சேறும் இப்படித்தான். கேம்பிரிட்ஜில் யூ.ஆர். எவன்ஸ் செய்த எளிய சோதனை ஒன்று உண்டு. பளபளப்பான எஃகுத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரை வைத்தார். சொட்டின் ஓரத்தில் காற்று தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. அரிப்பு ஓரத்தில்தான் நடக்கும் என்று நினைப்போம். நடுவில்தான் நடந்தது. ஆக்சிஜன் குறைந்த இடம் எலக்ட்ரானை இழந்து கரைகிறது; ஆக்சிஜன் நிறைந்த ஓரம் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. மட்கார்டு மடிப்பில் அப்பிய செம்மண்ணுக்கு அடியிலும், ரப்பர் மிதியடிக்குக் கீழும், இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கிலும் இதே கதைதான். மேலே ஒன்றும் தெரியாது. போர்க்கால வில்லிஸ் எம்.பி.யின் தரைக்கு அடியில் ஓடும் தொப்பி வடிவப் பட்டைகளுக்குள் மரத்துண்டு வைத்திருந்தார்கள். மரம் தண்ணீரைக் குடித்துவிட்டு மெல்ல மெல்ல விடும். அந்த ஜீப்புகளில் தரை முதலில் போவது அங்கேதான்.

எனவே முதல் நாளே வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை அனுப்புவது தவறான தொடக்கம். அழுத்தத்தோடு பாயும் தண்ணீர் சேற்றைக் கரைத்து, இதுவரை உலர்ந்து கிடந்த இடுக்குகளுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அச்சு பேரிங், முன்சக்கர மூட்டு, டைனமோ எதையும் அது விடாது. அதுவும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் கால்சியமும் குளோரைடும் கூடவே போகும்.

வேலை போட்டோவில் தொடங்க வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த போல்ட் எந்தப் பக்கம், எந்த இடத்தில் எந்த நிறம் என்று எல்லாப் பக்கமும் படம் எடுத்தபின், மரக் குச்சியாலும் முடிப் பிரஷ்ஷாலும் காய்ந்த மண்ணைத் தட்டி எடுக்கலாம். ஊதிவிடக் கூடாது, வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். பிரேக் டிரம்முக்குப் பக்கத்தில் மட்டும் ஊதவும் கூடாது, சாதாரண வேக்குவமும் கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நோயாகத் தலைகாட்டும். அந்தப் பகுதியை ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுவதே சரி.

அடிப்பக்கம் கிரீஸும் புழுதியும் கெட்டிப்பட்டு ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து அருவருக்க வேண்டாம். ஜீப்பின் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஆண்டுக்கணக்கில் ஒழுகவிட்ட ஆயில்தான் சேஸை இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கிறது. அந்தப் பூச்சைச் சுரண்டினால் அடியில் தொழிற்சாலைப் பெயின்ட் புத்தம் புதிதாகக் கிடைப்பது அடிக்கடி நடக்கும். மரச் சுரண்டியும் சிறிது மண்ணெண்ணெயும் போதும். பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒரு நாளில் எவ்வளவு இடத்தைத் துடைத்து, உலர்த்தி, மெழுகு பூச முடியுமோ அவ்வளவு மட்டுமே திறக்க வேண்டும். நம் ஊரில் சேஸுக்குக் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் உண்டு. எஞ்சினில் எரிந்த ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கும். ரப்பர் புஷ்களை ஊதவைக்கும். மண்ணில் சொட்டிக் கிணற்றுக்கும் போகும். மெழுகு கலந்த பூச்சோ, ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கும் லனோலின் பூச்சோ இதைவிட நல்லது.

இனி துரு. வீடுகளில் முதலில் தேடுவது கழிப்பறை கழுவும் ஆசிட்டை. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு சட்டென்று கரையும், பார்க்கவும் திருப்தியாக இருக்கும். ஆனால் குளோரைடு இரும்பின் நுண்குழிகளுக்குள் தங்கிவிடும். மேலே பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். பாஸ்பாரிக் அமிலத்தின் குணம் வேறு: துருவோடு சேர்ந்து கரையாத இரும்பு பாஸ்பேட்டாகப் படிகிறது. டெல்லியில் 1600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூண் அழியாமல் இருப்பதற்கு அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதே காரணம் என்றும், அதனால் மேலே மெல்லிய காப்புப் படலம் உருவானது என்றும் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். பட்டறைக்காரர் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று வாங்கும் பாட்டிலில் பெரும்பாலும் இந்தப் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். டானிக் அமிலத்தின் உறவினர் நமக்குப் பழக்கமானவர்தான். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விளையும் கடுக்காயின் துவர்ப்பு அந்த டானின் வகைச் சேர்மங்களால் வருகிறது. டானின் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகும். கடுக்காய் மை செய்த வேதியியல் அது. துருவின் மேல் பூசினாலும் அதே கருநீலப் படலம் உருவாகிறது. அருங்காட்சியகங்கள் பழைய இரும்புக் கருவிகளுக்கு டானிக் அமிலத்தை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன.

கழற்றி எடுக்கக்கூடிய சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு இன்னும் மென்மையான வழி. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. துருப்பிடித்த பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், கட்டடக் கம்பித் துண்டு ஒன்றைப் பாசிட்டிவ் முனையிலும் இணைத்து, இரண்டும் தொடாமல் மூழ்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், சில மணி நேரத்தில் துரு இளகிக் கறுப்புச் சேறாக மாறும். பிரஷ்ஷால் தேய்த்தாலே வந்துவிடும். நல்ல இரும்பு ஒரு துளியும் கரைவதில்லை என்பதுதான் இதன் பெருமை.

இங்கே சேலத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலையால் இந்த ஊரின் பெயரே துருப்பிடிக்காத எஃகோடு சேர்ந்துவிட்டது. எவர்சில்வர் துண்டு எந்த வீட்டிலும் கிடைக்கும்; கரையாதே என்று அதைப் பாசிட்டிவ் முனையில் மாட்டத் தோன்றும். மாட்டவே கூடாது. அதில் உள்ள குரோமியம் மின்பகுப்பில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாகக் கரைசலுக்குள் வரும். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. மஞ்சள் நிறம் காட்டும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். எப்படிச் செய்தாலும் ஹைட்ரஜன் குமிழிகள் எழும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கமான் பட்டை, ஸ்பிரிங், உறுதியான போல்ட் போன்றவற்றை இதில் இடக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கவைக்கும். அலுமினியம் சோடாவிலேயே கரைந்துவிடும்.

நாமக்கல்லுக்கு உரிய எச்சரிக்கை வேறு. கோழிப்பண்ணைகளின் ஊரில் பழைய வண்டியைக் கோழிக்கொட்டகை ஓரத்தில் நிறுத்துவது இயல்பு. எச்சத்தில் இருந்து அம்மோனியா வருகிறது. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தபோது, அவற்றின் பித்தளை உறைகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரின் அம்மோனியாவும், ஈரமும், உறையை வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினர். பழைய ஜீப்பின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஒயர் முனைகளும் கார்புரேட்டர் ஜெட்டுகளும் பித்தளை. மாட்டுக்கொட்டகையும் கோழிக்கொட்டகையும் அவற்றுக்கு ஆகாத இடங்கள். டேஷ்போர்டில் இருக்கும் பெயர்த்தகட்டைப் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். எழுத்துக்குள் நிரப்பிய பெயின்ட் போனால் தகடு பாதி ஊமையாகிவிடும்.

பெயின்ட்டுக்கு வருவோம். ஏலத்தில் வந்த ஜீப்பில் மூன்று நான்கு நிற அடுக்குகள் இருப்பது சாதாரணம். மேலே உரிமையாளர் விரும்பிய நிறம், அடியில் அலுவலக நிறம், அதற்கும் அடியில் ராணுவப் பச்சை. இந்த அடுக்குகளே வண்டியின் பணிப்பதிவேடு. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பதிவேடு அழிவதோடு ஈயத்தூசியும் பறக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டுகளுக்கே 2017 நவம்பரில்தான் பத்து லட்சத்தில் 90 பங்கு ஈயம் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. பழைய செம்பூச்சு பிரைமர் பல இடங்களில் ஈய ஆக்சைடேதான். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அதைத் தேய்ப்பது பெரும் ஆபத்து. காரத்தன்மையோ அமிலத்தன்மையோ இல்லாத மென்மையான சோப்பும், நன்கு பிழிந்த துணியும், முடிவில் மெல்லிய மெழுகும் போதும். வெயிலில் நைந்த பெயின்ட் கையில் பொடியாக ஒட்டுவது, நிறமியைப் பிடித்திருந்த பிசின் புற ஊதாக் கதிரால் சிதைந்ததன் அடையாளம். ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் அந்த அடுக்கு முழுவதும் போய்விடும். ராணுவப் பச்சையின் மங்கல், செய்யும்போதே வேண்டுமென்று வைத்த மங்கல். மின்னவைத்தால் அது திரும்பி வராது. பட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிய மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். ஒட்டாத இடத்தில் இருப்பது தடித்த பட்டிதான்.

எந்த இடத்தில் தகட்டை மாற்றியே ஆக வேண்டும்? ஓட்டுநரின் காலுக்குக் கீழே தரை இற்றுவிட்டாலோ, சேஸில் விரிசல் கண்டாலோ, பிரேக் குழாய் நைந்தாலோ தயங்கக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழமைக்குச் சலுகை கிடையாது. மாற்றியதைப் போட்டோவோடு குறித்துவைத்து, கழற்றிய பாகத்தையும் சாக்கில் கட்டிப் பத்திரப்படுத்தலாம்.

பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். பல ஆண்டு நின்ற பெட்ரோல் கோந்தாகியிருக்கும். காலி டேங்க்தான் அதிக ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறிக்கு வெடிக்கும். நன்கு கழுவி ஆவி நீக்காமல் பற்றவைப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. 2023 பிப்ரவரியில் அறிமுகமான 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த எஞ்சின்கள் பிறந்த காலத்தில் இல்லாதது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து தங்கி டேங்கைத் துருப்பிடிக்கவைக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவது உத்தமம்.

நிறுத்தும் இடம் நான்கு பக்கமும் காற்றோடும் கொட்டகையாக இருந்தால் நல்லது. சிமென்ட் தரை இருந்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டுவதுதான் பெருந்தவறு. மண்ணில் இருந்து எழும் ஈரம் இரவில் தார்ப்பாயின் உட்புறத்தில் குளிர்ந்து வண்டி மேல் சொட்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது ஒவ்வொரு இரவும் நடக்கும். பருத்தித் துணி உறை மூச்சு விடும். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியாது.

கடைசியாக ஆவணம். 2021 ஜூலை 15-இல் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த சொந்த வாகனத்தைப் பழமை வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பட்டறையில் அடையாளம் தெரியாமல் புதிதாக்கிய ஜீப் இங்கே தடுக்கி விழும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். அதற்கு முந்தைய நாமக்கல் ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தில் சேலம் மாவட்டம் என்றே இருக்கும். 1969-க்கு முந்தையது என்றால் சென்னை மாநிலம். அந்தப் புத்தகத்தை லேமினேட் செய்யாமல் அமிலமற்ற காகித உறையில் வைக்க வேண்டும். சேஸில் பொறித்த எண்ணின் மேல் கம்பி பிரஷ்ஷும் கிரைண்டரும் படவே கூடாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து மெழுகு மட்டும் பூசி வைத்தால், ஆய்வு நாளில் அதன்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்கும்போது எல்லா எழுத்துகளும் தெளிவாக விழும்.